லயத்துக் கிணற்றில் எண்ணெய்

எண்பதுகளின் நடுவில் ஈப்போ நகரில் ஓர் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். பழைய பெட்ரோல் நிலையங்களின் தொட்டிகளைத் தோண்டி எடுத்து, எண்ணெய் ஊறிய மண்ணை அகற்றுவது எங்கள் கம்பெனியின் வேலை. ஒருநாள் இன்ஜினியர் என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். அவர் சீனர். "எனக்குத் தெரிந்த மலாயில் மீன் வாங்கலாம், நிலத்தடி நீரை விளக்க முடியாது. நீ தமிழில் சொல்லிவிடு" என்றார்.

தஞ்சோங் ரம்புத்தான் போகும் பக்கம், துண்டு போட்டு விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்து ரப்பர் ஆலையை மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த இடத்தில் வீடு கட்ட வந்தவர்கள், பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக் கிணற்றில் டீசல் வாடை அடிப்பதாக அறிந்து எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் கிணறு பலகையால் மூடிப் பூட்டியிருந்தது. சாவி ஓர் அக்காவின் இடுப்பில். தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது ஈப்போவில் துணி ஃபேக்டரிக்குப் போகிறார். பக்கத்தில் அவர் புருஷன், பழைய ஆலையில் இஞ்சின் ஓட்டியவர், பற்றவைக்காத பீடியை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கிணற்றுக்கிட்டே நெருப்பு கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

"திரங்கானுவுல கடலுக்குள்ள போய் எண்ணெ எடுக்குறாங்க. எங்களுக்கு வாசல்லயே வந்திருக்கு லா. இங்க எவனும் தோண்டக் கூடாது" என்றார் அக்கா.

வரப்போகும் எண்ணெய்க் கம்பெனிக்கு அவர் ஆளும் எடுத்துவிட்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் லாரி டிரைவர், கோடி வீட்டுக்காரர் ஜாகா, அதாவது காவல்காரர். கோயில் பூசாரிக்கு என்ன வேலை என்பதில் மட்டும் இழுபறி.

ஆலையின் புதைதொட்டி ஓட்டையாகி, டீசல் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரின் மேல் மிதந்து கிணற்றுக்கு வருகிறது என்று இன்ஜினியர் பொறுமையாக விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

"தங்கச்சி, மண்ணுக்கு அடியிலேருந்து வருதுன்னு அவரே சொல்றாரா இல்லியா?"

"சொல்றாரு அக்கா, ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?"

அக்கா என்ன சொல்கிறார் என்று இன்ஜினியர் கேட்டார். "நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறார்" என்றேன். பாதி போதும் என்று அவர் மண் தோண்டும் இயந்திரத்தைக் கிளப்பச் சொன்னார். அக்கா அதன் முன்னால் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறி இன்ஜினியரின் சட்டை முழுக்க நனைந்த பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. தோண்டலாம், ஆனால் லயமே பார்க்கத் தோண்ட வேண்டும். சனமெல்லாம் திரண்டது. யாரோ கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலங்கள் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். இஞ்சின் கொட்டகை இருந்த இடத்தில் தரையைப் பெயர்த்து, கறுத்து நாறிய மண்ணுக்குள்ளிருந்து இயந்திரம் ஒரு தொட்டியைத் தூக்கியது. அடிப்பக்கம் துருப்பிடித்து, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

அக்காவின் புருஷன் முன்னால் வந்தார். பெரிய ஓட்டை ஒன்றில் கையை விட்டு, மறுபக்கம் விரல்களை ஆட்டிப் பார்த்தார்.

"டீசல் கொறையுது கொறையுதுன்னு தொர என்னையத்தானே திருடன்னு வெளியாக்குனாரு? இந்தா இருக்கான் லா திருடன்!" என்று கத்தினார்.

அவர் வேலை போன காரணமே அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை வருடமும் வீட்டில் எந்தச் சண்டையும் அந்த டீசலில்தான் போய் முடியுமாம்.

அக்கா குனிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இத ஏன்யா அப்பவே சொல்லல?"

"சொன்னேனே! நீதானே, திருடுன டீசல எவ வீட்டுக்குக் கொண்டுபோய் ஊத்துனேன்னு கேட்டே."

லயமே சிரித்தது. அக்காவும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி இன்ஜினியரைக் கைகாட்டினார். "தங்கச்சி, இவரு திருடலன்னு அந்த போஸச் சொல்லச் சொல்லு. சத்தமாச் சொல்லணும்."

எதற்கு என்று விளங்காமலேயே இன்ஜினியர் மண்மேட்டில் ஏறி நின்று, இந்தத் தொட்டி பல வருடங்களாக ஒழுகியிருக்கிறது, டீசல் குறைய இதுவே போதும் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். தேவைக்கு அதிகமான சத்தத்தில் நான் தமிழில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். தன் தொழில்திறமைக்குத்தான் என்று நினைத்து அவர் தலைகுனிந்து நன்றி சொன்னார்.

சுத்தம் செய்ய மாதக்கணக்கானது. கறுத்த மண்ணை லாரி லாரியாக ஏற்றிப் போய், குழியில் புதுச் செம்மண் கொட்டினார்கள். கிணற்றில் பம்பு வைத்து நீரை இறைத்து, மேலே மிதந்த டீசலைப் பீப்பாய்களில் பிடித்தார்கள். பம்பைப் பார்த்துக்கொள்ள அந்த இஞ்சின்காரரையே இன்ஜினியர் வேலைக்கு வைத்தார். ஒவ்வொரு பீப்பாய் நிறையும்போதும் அவர் லயத்தில் யாரையாவது கூப்பிட்டு, "பாத்துக்க, விளிம்பு வரைக்கும் இருக்கு" என்று காட்டிவிட்டுத்தான் மூடுவார்.

கிணற்று நீர் தெளிந்தது. ஆனாலும் குடிக்க வேண்டாம் என்றது பரிசோதனை. வீடு கட்டுகிறவர்கள் லயத்துக்குக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் வந்த அன்று அக்கா முதல் டம்ளரைப் பிடித்து இன்ஜினியரிடம் நீட்டினார். அவர் பழக்கதோஷத்தில் முதலில் முகர்ந்து பார்த்தார்.

"மினும் லா, போஸ்!" என்று அக்கா மலாயில் ஓர் அதட்டல் போட்டார். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.