ஃபேன் யாருடைய கணக்கில்

அன்புவழிபுரத்து வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபேன். ஆனாலும் இராசதுரை அதைப் போடச் சொல்லி “ஃபேன் ஒன்” என்றதும், சொன்னதைக் கேட்டு இயங்கும் பெட்டி “எந்த ஃபேன்?” என்று திருப்பிக் கேட்டது. பக்கவாதத்தில் கைகால் விழுந்த மனிதருக்கு அந்த இரண்டு சொல்லே பெரும்பாடு. நாளைக்கு மனைவி தயாளினி பார்மசி வேலைக்குத் திரும்ப வேண்டும். அவர் புழுக்கத்தில் தனியே கிடக்க அவள் விடமாட்டாள்.

போன் அதே ஃபேனை இரண்டு தடவை காட்டியது. ஒன்றை அழித்தாள், திரும்ப வந்து நின்றது. பிள்ளைகள் இருவரையும் வீடியோவில் கூப்பிட்டாள். ரொறன்ரோ மகனும் லண்டன் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லாமல், தத்தம் கணக்கில் அதைத் தனித்தனியே இணைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“நான்தானே முதல் இணைச்சனான். அவளைக் கழட்டச் சொல்லுங்கோ.”

“ஓமோம், இணைச்சுப்போட்டுப் படுத்திட்டார். பழுதானா ஆர் பார்த்தது?”

“ரெண்டு பேரும் கழட்டுங்கோ. நான் என்ர பேரில போடுறன்.”

“அம்மா, உங்களுக்கு ஏலாது.”

“மருந்துப் பெட்டியில இருக்கிற பொடி எழுத்தெல்லாம் வாசிக்கிறவளுக்கு இது ஏலாதோ?”

பிள்ளைகள் முணுமுணுத்தபடியே கழற்றினார்கள். தயாளினி மிச்சமிருந்ததையும் அழித்துவிட்டுத் தன் பெயரில் கணக்குத் திறந்தாள். முதல் முறை சரிவரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள்.

“இப்ப சொல்லுங்கோ.”

“ஃபேன்... ஒன்.”

மறுகேள்வி இல்லாமல் ஃபேன் சுழன்றது. இராசதுரை கோணல் வாயால் சிரித்து, “ஃபேன்... ஓஃப்” என்றார். அது நின்றது.

“போடுங்கோப்பா, எனக்கும் வேர்க்குது,” என்றாள் தயாளினி.