நீடாமங்கலத்தில் தைத்த பல்கலைக்கழகச் சட்டைகள்

காலை ஏழு இருபது. தஞ்சாவூர் சந்திப்பில் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்து, பாசஞ்சரில் ஜன்னலோர இடம் பிடித்துவிட்டேன். நீடாமங்கலம் முப்பது கிலோமீட்டர். பையில் எட்டுப் பக்கப் படிவம் ஒன்றும், புரட்டாசிப் புழுக்கத்தில் புத்தியுள்ள யாரும் தூக்கிக்கொண்டு அலையாத ஹூடி ஒன்றும் இருந்தன. தலையை மூடத் தொப்பி வைத்துத் தைத்த தடித்த சட்டை அது. நெஞ்சில் பெரிய எழுத்தில், நான் இரண்டு வருடம் படித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரையும் சின்னத்தையும் சட்டையில் போட்டு விற்கக் கம்பெனிகளுக்கு உரிமம் தருகின்றன. அந்தச் சட்டையைத் தைக்கிறவர்களுக்கு வேலை நேரம், குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். சென்னையில் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் அந்த ஆள்.

சாலியமங்கலம் தாண்டியதும் சம்பா நடவு தெரிந்தது. சேற்றில் குனிந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், வங்காளத்திலிருந்து வந்தவர்கள். நம் பெண்கள் தையலுக்குப் போய்விட்டதால் இவர்கள் வராவிட்டால் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போகும் என்று எதிர்சீட்டு விவசாயி சொன்னார். குறையாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, பெருமையாகச் சொன்ன மாதிரியும் இருந்தது.

நடவைப் பார்த்தால் எனக்கு அம்மா நினைவு வராமல் இருக்காது. ஒரத்தநாட்டுப் பக்கம் அம்மா நடவு நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதே படிப்பு என்னைப் பனி கொட்டும் ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஒரு ஜனவரியில், எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டையை யார் தைக்கிறார்கள், எத்தனை மணி நேரம் தைக்கிறார்கள் என்று கேட்டு நிர்வாகக் கட்டடத் தாழ்வாரத்தில் மூன்று நாள் உட்கார்ந்தோம். தரை சில்லென்றிருக்கும். யாரோ பிளாஸ்கில் சூப் கொண்டுவருவார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்காதே என்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். இருபத்து மூன்று வயதின் கோபம் எவ்வளவு சுத்தமாக இருந்தது! அந்த நாட்களுக்காக இன்றும் ஏங்குகிறேன். அப்போது உடம்பில் இருந்த சட்டைதான் இந்த ஹூடி.

எட்டே கால். நீடாமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய். அதில் ரயில்வே கேட்டில் நின்ற இருபது நிமிடமும் அடக்கம். கேட் மூடியிருக்கும் நேரத்தில் இந்த ஊரில் ஒரு கல்யாணமே பேசி முடித்துவிடலாம் என்றார் ஓட்டுநர். தையல் கூடம் ஒரு பழைய அரிசி ஆலை. அவித்த நெல்லின் வாசனை சுவரை விட்டு இன்னும் போகவில்லை. உள்ளே வரிசை வரிசையாக மிஷின்கள், துணிப் பஞ்சு, மூக்கில் துண்டு கட்டிய பெண்கள்.

போன வருடமும் நான் இங்கே வந்திருக்கிறேன். அன்று ஆறு பத்துக்கு நாலைந்து பெண்கள் மிஷினில் இருந்ததைப் பார்த்துவிட்டு, வேலை நேரத்துக்குப் பிறகும் சம்பளமில்லாமல் வேலை நடக்கிறது என்று எழுதினேன். இந்த முறை மேனேஜர் வாசலுக்கே வந்து வரவேற்றார். இப்போதெல்லாம் ஐந்தரைக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவதாகச் சொல்லி, என் அறிக்கையைச் சுவரில் ஒட்டியிருப்பதையும் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாழ்வாரத்தில் கத்தியதெல்லாம் கடைசியில் இந்தச் சுவருக்கு வந்து சேர்ந்துவிட்டதே என்று உச்சி குளிர்ந்து போனேன்.

பத்தே முக்கால், டீ நேரம். மேனேஜரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். படிவத்தின் கேள்விகளுக்கெல்லாம் ஆமாம் போட்டார்கள். நான் மூடிவைக்கப் போனபோது, கவிதா என்ற இளம்பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன வருசம் நீங்க வந்துட்டுப் போனதுலேருந்துதான் மேடம் எங்களுக்குச் சங்கடம். கைப்பட்டை தைக்கிற மல்லிகா அக்காவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, பீஸ் கொறையும். சாயங்காலம் நாங்க ஆளுக்குக் கொஞ்சம் தச்சுக் குடுத்துட்டுச் சேர்ந்து கெளம்புவோம். இப்ப அஞ்சரைக்குக் கரண்ட்டை நிறுத்திடுறாங்க. அக்காவுக்கு ரெண்டு தடவை டார்கெட் கொறைஞ்சிடுச்சு. இன்னொரு தடவை கொறைஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

அவள் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் மல்லிகா. கணவர் இல்லை, மகள் மன்னார்குடியில் நர்சிங் படிக்கிறாள். இதையும் கவிதாதான் சொன்னாள். போன தடவையே இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. தப்பு செய்தவருக்கு வருகிற எரிச்சல்தான்.

மல்லிகா அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்க எத்தனை மணிக்குக் கெளம்புவீங்கன்னு கேட்டீங்க. சொன்னோம். ஏன் இருக்கீங்கன்னு கேக்கலையே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இதை வேறு யார் கேட்காமல் விட்டிருந்தாலும் மன்னிக்கலாம். அம்மாவின் நடவுக் கூட்டத்தில் ஒருத்தியின் பங்கு முடியாமல் மற்றவர்கள் வரப்பேற மாட்டார்கள். முடித்தவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அவள் பங்கில் இறங்கி நட்டு, எல்லாருமாகச் சேர்ந்துதான் ஏறுவார்கள். பசியோடு வரப்பில் உட்கார்ந்து அதைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான். அதே காட்சியை மிஷின் முன்னால் பார்த்துவிட்டு, குற்றம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் என்னோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள்.

இதை மல்லிகாவிடம் சொன்னேன். ஒரத்தநாட்டில் எந்த ஊர் என்று விசாரித்தார். அதற்குப் பிறகு நான் மேடம் இல்லை.

பேச்சை மாற்றவோ என்னவோ, ஹூடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். நெஞ்சில் இருந்த எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. சட்டென்று உள்பக்கத்தை வெளியே திருப்பி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, மணிக்கட்டுப் பட்டைகளை விரலால் தடவினார்.

"இது எங்க தச்சதும்மா?"

எந்த நாடோ, லேபிள் எப்போதோ உதிர்ந்துவிட்டது என்றேன்.

"ரெண்டு கைப்பட்டையும் ஒரே ஆளுதான் தைக்கணும். இதுல இடது கையில தையல் இறுக்கம், வலது கையில தளர்ச்சி. ரெண்டு பேரு தச்சிருக்காங்க." பட்டையை இன்னும் ஒருமுறை தடவினார். "அவளுக்கும் யாரோ கை குடுத்திருக்கா."

பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் பட்டையை வாங்கிப் பார்த்தார்கள்.

பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை கடிகாரத்தோடு அந்த வரிசையின் ஓரத்தில் நின்றேன். கவிதா போன்ற கைவேகக்காரிகளே டார்கெட்டை ஐந்தரைக்குச் சற்று முன்புதான் முடிக்க முடியும். மற்றவர்களுக்கு ஐந்தரையே இழுபறி. போன வருடம் நான் எழுதியது முழுப் பொய் இல்லை என்பதும் அப்போது புரிந்தது. வயலில் ஒருத்திக்கு இறங்கி நட்டால் எல்லாரும் சீக்கிரம் வீடு போகலாம். இங்கே அவர்களுடைய பாசத்தை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு கம்பெனி டார்கெட்டை உயர்த்தி வைத்திருக்கிறது. மெயினை அணைத்ததில் தவறில்லை. டார்கெட்டைக் குறைக்காமல் அணைத்ததுதான் தவறு, அதை நான் கேட்காமல் போனது அதைவிடத் தவறு.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சுவரில் இருந்த அறிக்கையைக் காட்டி, நீங்கள் எழுதியதைத்தானே செய்தோம் என்றார். ஆமாம், பாதியைத்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். எட்டு மணி நேரத்துக்குள் அடங்குகிற எண்ணிக்கை வேண்டும், அதையும் ஆளுக்கு ஆள் பார்க்காமல் வரிசை மொத்தத்துக்கும் பார்க்க வேண்டும், அதுவரை யாரையும் அனுப்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். வெகுநேரம் இழுத்தார். கடைசியில், சட்டையை வாங்கி விற்கிற கம்பெனியிடமிருந்து பதில் வரும்வரை யாரையும் அனுப்பமாட்டேன் என்பதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. மல்லிகாவிடம் அப்படியேதான் சொன்னேன். சரிம்மா என்றார்.

மாலை ஐந்தரை. மெயின் அணைந்தது. மிஷின்கள் ஓய்ந்ததும் வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மல்லிகாவின் மிஷின் பக்கத்தில் தைக்காத பட்டைகள் ஒரு கைப்பிடி மீதம் இருந்தன. பெண்கள் அதைப் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து, மிஷினுக்கு உறை போட்டு, மெதுவாக வாசலுக்கு வந்தார். அதுவரை ஒருத்திகூட வேனில் ஏறவில்லை.

ஆறே முக்கால். திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. படிவத்தில் முந்தைய குறை என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று எழுதினேன். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. இனி போகிற ஊரிலெல்லாம் கேட்பதற்காக, ஏன் இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வியைக் கையால் சேர்த்தேன். அம்மாப்பேட்டை தாண்டும்போது நிலா வெளிச்சத்தில் பார்த்தேன், வயல்களில் ஆளில்லை, நட்ட நாற்று மட்டும் தண்ணீரில் நின்றது. இத்தனை வருடமும் அந்தச் சட்டையை நெஞ்சிலிருந்த பெயருக்காகவே வைத்திருந்தேன். அன்று அதை மல்லிகா திருப்பிக் கொடுத்தபடியே, உள்பக்கம் வெளியே தெரிய மடித்து, தஞ்சாவூர் வரும்வரை மடியில் வைத்திருந்தேன்.