அக்காவின் வாய்க்கட்டு

ஆடிக்கிருத்திகை அன்று காலையில்தான் அக்காவின் கணவர், எங்கள் பாவா, வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்துப்போனார். அக்காதான் தள்ளிவிட்டாள் என்று அவருடைய அண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டிருந்தார்கள். அதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்?

பாவாவுக்கு வலிப்பு உண்டு. அது நிற்கவேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு காவடி எடுப்பதாக அக்கா வேண்டியிருந்தாள். மஞ்சள் துணியால் வாயைக் கட்டினால், மலையேறி முருகனைப் பார்த்த பிறகுதான் அவிழ்க்கவேண்டும். நடுவில் ஒரு சொல் பேசினாலும் வேண்டுதல் போச்சு.

அவள் கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான், தண்ணீர் சேந்தப் போன பாவா வலிப்பு வந்து உள்ளே விழுந்திருக்கிறார். அக்கா தெருவுக்கு ஓடிவந்து கையை ஆட்டி, தலையை உலுக்கி, எதிர்வீட்டு அம்மாவைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அந்த அம்மாவோ அருள் வந்துவிட்டது என்று திருநீறு பூசிக் கற்பூரம் காட்டினாள். காவடிக்குப் பூ வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது தெருவே அக்காவின் காலில் விழுந்துகொண்டிருந்தது. நல்ல பக்தி! அவள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனபோது தண்ணீர் அசையாமல் இருந்தது.

வழக்கு செங்கல்பட்டில் நடந்தது. நான் கூண்டில் ஏறி, பார்த்ததைச் சொன்னேன். யாரோ வீட்டுக் கதையைச் சொல்வதுபோல் இருந்தது. அழுகை வரவில்லை, மரத்துப்போயிருந்தேன். புருஷன் விழுந்தால் ஒரு பெண் கத்துவாளா மாட்டாளா என்று அரசு வக்கீல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எதிர்வீட்டு அம்மா மட்டும் மழுப்பவில்லை. "அந்தப் பொண்ணு என்னெ இழுத்துச்சுங்க. நான்தான் சாமி வந்துகீதுன்னு கற்பூரம் காட்டிகினு இருந்தேன்" என்றாள்.

நீதிபதி அக்காவைப் பார்த்தார். "துணியை அவிழ்த்துக் கத்தியிருக்கலாமே அம்மா?"

"அவுத்தா அவரு உசுருக்கு எதுனா ஆயிடும்னு பயந்துட்டேங்க."

விடுதலை என்று தீர்ப்பு வந்தது. எங்கள் அம்மா கோர்ட்டு வாசலிலேயே மலை இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டாள். எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை, பசித்தது.

அரக்கோணம் போகும் ரயிலில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாங்கிக் கொடுத்த இட்லியை அவள் பிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"கத்தியிருந்தா பொழச்சிருப்பாராடி?"

கோர்ட்டில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன நான், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் வைத்தேன்.