சொல்லிப்போட்டன் தானே!

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்குத் தொண்டர்களைச் சேர்க்கும் கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், எலக்ட்ரீஷியன். நரைத்த சுருள்முடி, சட்டைப்பையில் ஒரு டெஸ்டர். எதைக் கேட்டாலும் தலையை இரு பக்கமும் ஆட்டுவார். போன வருடம் அந்தக் கிராமத்துச் சிறு ஆஸ்பத்திரிக்கு வயரிங் செய்தவர்.

"இவர் போய் வந்ததிலிருந்து அந்த ஊரே தலையாட்டுகிறது. ஆமாவா இல்லையா என்றே தெரியவில்லை" என்று சிரித்தார், கூட்டத்தை நடத்திய ஜெர்மன் பெண்மணி.

எலக்ட்ரீஷியன் என் பக்கம் திரும்பி, "பிள்ளையள் என்னைப் பாத்துப் பழகிட்டுதுகள், தம்பி. நான் என்ன செய்யிறது?" என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். "ஜெர்மனிக்குப் படிக்கப் போனவனுக்கு ஆப்பிரிக்காவுல என்னடா வேலை?" என்று அம்மா கேட்டிருந்தாள். எனக்கோ போக ஆசை, போய் என்ன கிழிக்கப்போகிறோம் என்ற பயமும். அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அண்ணா, நான் அங்க போனா யாருக்காவது யூஸ் ஆவேனா?"

அவர் தலையை ஆட்டினார். தமிழனான எனக்கே புரியவில்லை.

"வாயால சொல்லுங்கண்ணா!"

"சொல்லிப்போட்டன் தானே!"

அதற்குள் அந்தப் பெண்மணி, "நீங்கள் வருகிறீர்களா?" என்று என்னைக் கேட்டார். என் தலை தானாக ஆடியது.

"ஐயோ, இன்னொருவரா!" என்றபடி அவர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் புறப்படுகிறேன். அன்று அண்ணன் சொன்னது ஆமாவா, இல்லையா என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.