காற்றுக்கு ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்

காற்றை அளக்கும் மெஷினை ரிப்பேர் செய்பவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: மெஷின் கெட்டுப்போனாலும் திட்டு, சரியாக வேலை செய்தாலும் திட்டு. ஏ.சி. மெக்கானிக்குகளே, லிஃப்ட் மெக்கானிக்குகளே, ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்த சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஹைதராபாத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சாஃப்ட்வேர்காரன் மேல் விழ வேண்டியிருந்த காலம். மாரெட்பள்ளி அறையில் என்னோடு தங்கியிருந்த மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, நான் மட்டும் ஸ்க்ரூ டிரைவரும் கயிறுமாகச் சிம்னி ஏறினேன். முதல் ஆறு மாதம் தற்காலிக வேலை. ஒவ்வொரு சர்வீஸ் ரிப்போர்ட்டின் அடியிலும் வாடிக்கையாளர் கருத்து என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் பாஸ் மேலே நான் எழுதிய எதையும் படிக்கமாட்டார். அந்தக் கட்டத்தை மட்டும் படிப்பார். அதில் ஒரு புகார் வந்தாலும் நிரந்தரம் கிடையாது, ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

தார்நாகாவில் ஒரு நேர்காணல்

அந்த நேரம் பார்த்துத்தான் தார்நாகாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் பார்த்தார்கள். எனக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்று அவள் கொண்டுவந்து வைத்த இரண்டாவது கேசரித் தட்டை வைத்து முடிவு செய்தேன். அவளுடைய அப்பா பேங்க் ஆபீசர். "எந்த சாஃப்ட்வேர் கம்பெனி?" என்று ஆரம்பித்தார். சாஃப்ட்வேர் இல்லை சார், காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு விஷவாயு என்று அளக்கிற மெஷின்களுக்கு சர்வீஸ் இன்ஜினியர் என்றேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

வேலை நிரந்தரமா என்று கேட்டார். இன்னும் நாலு மாதத்தில் ஆகிவிடும் என்றேன். ஜன்னலைக் காட்டிச் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. காத்து இன்னிக்கு அடிக்கும், நாளைக்கு அடிக்காது. லெட்டர் வரட்டும், பேசலாம்."

பொறுப்பான யாதகிரி

தூசி அளக்கும் மெஷின் ரொம்ப எளிது. உள்ளே ஒரு வெள்ளை ஃபில்டர் பேப்பர் இருக்கும். எடை போட்டு வைப்போம். நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். மறுநாள் திரும்ப எடை போட்டால், கூடியிருப்பது தூசி. ஒரு கல் உடைக்கும் ஆலையில் ஒரு மாதமாகத் தூசியே இல்லை என்று கணக்கு வந்தது. சில நாள் பேப்பர் எடை குறைந்துகூட இருந்தது. அந்த ஆலைக்குள் போய் வந்தால் என் புருவமே நரைத்துவிடும், அங்கே தூசி இல்லையாம்! மெஷினை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை.

மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்டு, சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். வாட்ச்மேன் யாதகிரி வந்தார். மூடியைத் திறந்தார். பேப்பரை உருவி, முழங்காலில் நாலு தட்டுத் தட்டி, தோள் துண்டால் பதமாகத் துடைத்து, திரும்ப வைத்து மூடினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன யாதகிரி இது என்று கத்தியேவிட்டேன். அவர் பெருமையாகத் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நீங்க வெள்ளையா வச்சுட்டுப் போறீங்க, சாயங்காலத்துக்குள்ள கறுத்துப் போகுது சார். நான் டியூட்டியில இருக்கிற வரைக்கும் கம்பெனி பொருளை அழுக்காக விடுவேனா?"

ஈசான்ய மூலை

ஒரு புத்தம்புது சாஃப்ட்வேர் கட்டடத்தின் மொட்டைமாடியில், காற்றின் திசை காட்டும் கருவி வைத்திருந்தோம். சேவல் வால் மாதிரி ஒரு தகடு, காற்று அடிக்கிற பக்கம் திரும்பும். மூன்று மாதமாக அந்தக் கட்டடத்தில் மட்டும் காற்று வடகிழக்கிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது. ஹைதராபாத்தின் மற்ற இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்து வாங்கியது.

மாடி ஏறிப் பார்த்தால், தகட்டைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் ஒரு எலுமிச்சம்பழமும் செருகியிருந்தது. கம்பியை வெட்டப் போனேன். ஆபீஸ் நிர்வாகி மூச்சிரைக்க ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். வாஸ்து பார்க்கிறவர் சொன்னார் என்று நிர்வாகியே கட்டினாராம். "தொடாதீங்க சார்! அது தென்மேற்கைப் பார்த்து நின்னப்ப ரெண்டு ப்ராஜெக்ட் கைவிட்டுப் போச்சு. இப்ப அதுவும் அசையலை, கம்பெனியும் அசையலை."

தசராவன்று

மருந்து ஆலை ஒன்றில் ஆயுத பூஜையன்று எங்கள் மெஷினுக்கும் பூஜை. காற்றை இழுக்கிற குழாயின் வாயில் சந்தனம், அதன்மேல் குங்குமம், நேர் கீழே ஒரு சட்டி சாம்பிராணி. மெஷின் பாவம், என்ன செய்யும்? அளவு எகிறி, அபாய மணி அலறத் தொடங்கிவிட்டது. நான் பதறியடித்துப் போய்ச் சேர்ந்தால், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஃபோர்மேன் என் வாயில் ஒரு லட்டைத் திணித்துவிட்டுச் சொன்னார்: "சாமி ஏத்துக்கிட்டாரு சார், மணி அடிச்சுதே!"

கெடாத மெஷினின் ரிப்பேர்

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம். ஊருக்கு வெளியே ஒரு கெமிக்கல் ஃபாக்டரி. "மெஷின் கெட்டுவிட்டது, இன்ஜினியருக்கு வேலை தெரியவில்லை" என்று எழுதிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார் அதன் மேனேஜர். சிம்னியில் அமில வாயு அளவு மிக அதிகமாகக் காட்டுகிறதாம், ஆகவே மெஷின் கெட்டுவிட்டதாம். அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரை வைத்துச் சோதித்துக் காட்டினேன். புள்ளி பிசகாமல் காட்டியது. "அந்த சிலிண்டரும் உங்க கம்பெனிதானே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருகி அளவைக் குறைத்துவிட்டால் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு 'மிகச் சிறப்பு' என்று எழுதித் தருகிறேன் என்றார்.

மறைப்பானேன், திரும்பச் சிம்னி மேடை ஏறியதும் என் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது. கண் முன்னால் தார்நாகா வீடும் கேசரித் தட்டும் வந்து நின்றன. மேடையில் என்னோடு இருந்தவர் அந்த ஃபாக்டரியின் ஆபரேட்டர் டேவிட் அண்ணன். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் ரயில்வே காலனித் தமிழர். "நக்கோ தம்பி, வேண்டாம்," என்றார் மெதுவாக. ஃபாக்டரிக்குப் பின்னால் இருந்த தெருவைக் காட்டினார். "அந்தப் பச்சைக் கதவு நம்ம வீடு. பாப்பாவுக்குப் பத்து நாளா இருமல். நீ நம்பரைக் குறைச்சா இருமல் குறையுமா, சொல்லு." எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டேன். ஏன் பத்து நாள் என்று கேட்டேன். புகையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிற மோட்டாரை மேனேஜர் பத்து நாளாக நிறுத்தி வைத்திருக்கிறாராம், கரண்ட் மிச்சமாம்.

மோட்டாரைப் போடுங்கள் என்று சொன்னால் கேட்கிற ஆசாமியா அவர்? கீழே இறங்கி, வராத தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "கண்டுபிடிச்சுட்டேன் சார். நம்ம மெஷின் உள்ளே ஒரு எலக்ட்ரானிக் கார்டு சூடாகுது. தண்ணி மோட்டார் நிக்காம ஓடினாத்தான் அது தாங்கும். நிறுத்தினா வாரண்டி போயிடும்." வாரண்டி என்றதும் மனிதர் பதறிவிட்டார். மோட்டார் ஓடியது. ஒரு மணி நேரத்தில் அளவு மளமளவென்று இறங்கியது. "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே மெஷின் கோளாறுன்னு!" என்று புகாரைக் கிழித்தார். 'மெஷின் தவறாகக் காட்டியது, இன்ஜினியர் திறமையாகச் சரிசெய்தார்' என்று கட்டத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மோட்டார் சுவிட்சை யாரும் தொடக்கூடாது என்று பலகை வேறு மாட்டச் சொன்னார்.

பாஸ் அந்தக் கட்டத்தைப் படித்தார். லெட்டர் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தார்நாகாவுக்குக் கிளம்பிய அன்று காலையில் டேவிட் அண்ணன் போன் செய்தார். "பாப்பாவுக்கு இருமல் இறங்கிருச்சு தம்பி. மெஷின் பத்து நாளா நிஜம் சொல்லுச்சு, ஒருத்தனும் கேக்கலை. நீ ஒரே ஒரு பொய் சொன்னே, உடனே கேட்டுட்டான் பாரு!"

ஆக, பொய் சொல்லத் தெரியாத மெஷின்களை விற்கிற கம்பெனியில், சமயத்துக்கு ஒரு பொய் சொல்லித்தான் நான் நிரந்தரமானேன்.