ஒவ்வொருவராகக் கடந்த சரிவு

1998 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. எதையும் விரிவாக எழுதி வைக்கிறவன் நான். அன்று மாலை பேனாவை எடுத்துவிட்டு மணியை மட்டும் குறித்து மூடிவிட்டேன்.

நாங்கள் நான்கு பேர். நானும் என் மனைவியும், கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் என்னோடு வேலை பார்த்த நண்பரும் அவர் மனைவியும். நண்பரின் மனைவி மதுரையிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பனி பார்க்க ஆசைப்பட்டவர் அவர்தான். தாஹோ மலைப்பக்கம் கேபின் என்கிற மரவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வெள்ளியும் சனியும் பனி விடாமல் கொட்டியது. ஞாயிறு காலை வானம் வெளுத்தபோது ரேடியோவில் பனிச்சரிவு எச்சரிக்கை சொன்னார்கள். அதெல்லாம் உச்சிக்கு ஏறிச் சறுக்குகிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டோம். நாங்கள் பனியில் கால் புதையாமலிருக்க அகலமான வாடகை ஸ்நோ ஷூ கட்டிக்கொண்டு, அரை மணி நடையில் இருக்கும் ஏரியைப் பார்த்துவிட்டுப் புளியோதரைக்குத் திரும்பிவிடுவோம்.

பாதை ஓரிடத்தில் மரமே இல்லாத செங்குத்தான மேட்டின் குறுக்கே போனது. அங்கே மட்டும் ஏன் மரம் இல்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை; சரியும் பனி மரங்களை வாரிக்கொண்டு போகிற இடம் அது. கூட்டத்தில் நாம் நடப்பது போலவே நடந்தோம்: யாரும் பின்தங்கிவிடக் கூடாதென்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி. முன்னால் என் மனைவி, பிறகு நான், நண்பர், கடைசியில் அவர் மனைவி.

பாதி தூரத்தில் காலடியில் ஒரு சத்தம். பெரிய மெத்தையில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தது போல. பனி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. எங்களுக்கு மேலே மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது. நூலகப் புத்தகம் ஒன்றில் இந்தச் சத்தத்தைப் பற்றிப் படித்திருந்தேன். புதிய பனி அடியில் பிடிப்பில்லாமல் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் பாரம் விழுந்தால் மொத்தமாகக் கழன்று வரும். நினைவுக்கு வந்தது. மனைவியின் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

எதிர்ப்பக்க மரங்களுக்கிடையே ஸ்கீ பலகைகளில் சறுக்கி வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி நின்றார். முதுகுப் பையில் சிறு மண்வாரி. அவர் கத்தவில்லை. ஒரு விரலைக் காட்டினார். ஒவ்வொருவராக வாருங்கள், மற்றவர்கள் அசையாதீர்கள், நடப்பவர் மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்றார்.

என் மனைவி போனாள். பிறகு நான். நண்பர் நகரவில்லை.

"இவளை விட்டுட்டு எப்படிடா வர்றது?"

"ஏங்க, போங்க," என்றார் அவர் மனைவி.

"உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ரெண்டு பேரும் சேந்து போனா மட்டும் யாரு பதில் சொல்வா? நீங்க அந்தப் பக்கம் போனாத்தான் நான் காலை எடுப்பேன்."

அவர் மனைவி கணவரின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நண்பர் இரண்டடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "திரும்பாதீங்கண்ணா, நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றாள் என் மனைவி. ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

இப்போது அந்த மேட்டில் அவர் மனைவி மட்டும். பத்தடி வந்ததும் ஒரு ஸ்நோ ஷூ மற்றதன் மேல் ஏறி, முழங்கால் மடங்கி விழுந்தார். நண்பர் பாய்ந்தார். நானும் அந்தப் பெண்மணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். "விடுறா," என்றார். விடவில்லை. விழுந்தவர் எந்த மரத்துக்கு நேராக இருக்கிறார் என்று பார்த்து வையுங்கள் என்றார் பெண்மணி. ஏன் என்று சொல்லவில்லை. சரிந்தால் எங்கே தோண்டுவது என்பதற்காகத்தான். நண்பருக்கும் அது புரிந்துவிட்டது. இழுப்பதை நிறுத்திவிட்டு இமைக்காமல் பார்த்தார்.

அவர் மனைவி கையை ஊன்றி எழுந்தார். வந்தார்.

"நடந்தது நான். உங்களுக்கு வேர்க்குது," என்றார் கணவரைப் பார்த்து.

அன்று அந்த மேடு சரியவில்லை. அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பெண்மணி எங்களை அடர்ந்த மரங்கள் வழியாக, மேட்டின் அடிவாரத்தைத் தொடாமல், வெகுநேரம் சுற்றி அழைத்துவந்தார். இனிச் சேர்ந்து நடக்கலாம் என்று அவர் சொன்ன பிறகும் நண்பர் தன் மனைவிக்குப் பத்தடி பின்னாலேயே வந்தார், கண்ணை எடுக்காமல். கொஞ்ச தூரம் போனதும் அவர் மனைவி நின்று திரும்பினார்.

"போதும். பக்கத்துல வாங்க."