ஜெயசீலன் அண்ணனின் ஈரச் சட்டை

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கியபோது கிரேன் ஓட்டும் முருகனிடமிருந்து போன் வந்தது. "அண்ணன் பூட்டாருடா," என்றான். முந்தின நாள் உலையருகே விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் வீடு திரும்பியிருந்தேன். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயசீலன் அண்ணன் எங்கள் இரும்பு உருக்காலையில் உலை மேடையில் நின்று வேலை பார்த்தவர். நான் அவருடைய ஜோடி. டீ நேரத்தில் ஜோடியில் ஒருவர் மற்றவரின் முதுகுச் சட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் வேலையைத் தொடரலாம். காய்ந்திருந்தால் "எறங்கு" என்போம்; மறுபேச்சில்லாமல் இறங்கிவிட வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தண்ணீர் குடிக்கச் சோம்பல்படுவேன். "ஒடம்பு கரெக்டா சொல்லும் நைனா. சூடு ஏறுனா வேர்க்கும். தண்ணி கொறைஞ்சா தாகம் எடுக்கும், ஒண்ணுக்கு மஞ்சளா போவும். தண்ணியே இல்லன்னா அது இன்னாத்த வச்சி வேர்க்கும்? வேர்வ நின்னா உள்ள வேவுதுன்னு அர்த்தம்," என்பார். டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவர் என்று கிண்டல் செய்வோம்.

அவர் விழுந்த வாரம் இரண்டு முறை அவரை இறக்கினேன். மூன்றாம் முறை இறங்கினால் கேட் காவலுக்கு மாற்றிவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "உலைய உட்டுட்டு கேட்ல குந்திக்கினு இன்னா பண்றது?" என்று அண்ணன் முகம் வாடினார். மறுநாள் தொட்டேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "எப்டி வேர்க்குது பாரு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சரிந்தார். தாங்கிப் பிடித்தபோது கையிலும் கழுத்திலும் ஒரு சொட்டு வியர்வை இல்லை. உடம்பு கொதித்தது.

அடக்கத்தன்று முருகன் மெல்லச் சொன்னான்: "அன்னிக்கி டீக்கு முன்னாடி கொழாயாண்ட நின்னு சட்டைய நனைச்சிக்கினு இருந்தாரு. வெக்கைக்குன்னு நெனச்சேன்."

அழுகை நின்று எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணா, சூப்பர்வைசரை ஏமாற்றியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். என்னை ஏமாற்றினீர்கள். "எறங்கு" என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தவரும் நீங்கள், அதைச் சொல்லவிடாமல் செய்தவரும் நீங்கள். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள்.

இப்போது எனக்கு வேறு ஜோடி. என் வயதுக்காரர், நல்ல மனிதர். நேற்று அவருடைய சட்டை ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் நெற்றியில் கை வைத்தேன். போதாமல், "மெய்யாலுமே வேர்வதானா?" என்றும் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

போய் வாருங்கள், அண்ணா. உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் நாளாகும்.